விளிம்பில் அடைத்த குளிர்

என் அப்பா எல்டன் ஹாட்வெட், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில், தானே கட்டிய வீட்டில் இறந்தார். காரணம் நான் வரைந்த ஒரு படம்.

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். மைனஸ் நாற்பதிலும் தன் பேருந்து ஒன்றுகூட வழியில் நின்றதில்லை என்பார். அது பொய். வீட்டில் மட்டும் அவர் கால் சில்லிட்டே இருக்கும். கான்கிரீட் தளத்தின் விளிம்பு வழியே சூடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

நான் அதே ஊரில் கட்டடப் பொறியாளர். விளிம்பைச் சுற்றி, சூடு வெளியேறாமல் தடுக்க நான்கு அங்குல நுரைப்பலகை. அதன் அடியிலிருந்து வெளிப்பக்கமாக, மண்ணுக்குள் நான்கடி அகலத்துக்கு இன்னொன்று. வரைந்து அனுப்பினேன். ஒரே கோடையில் தோண்டிப் பதித்துவிட்டார்.

ஜனவரியில் போன் செய்தார். "கண்ணு, வெறுங்காலோட நிக்கிறேன்!"

சூடு இப்போது பக்கவாட்டில் போகவில்லை. கீழே இறங்கியது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்த மண். விளிம்பு வழியே குளிர்காலம்தோறும் இறங்கிய குளிர்தான் அதை ஓரளவு காத்துவந்தது. அந்த வழியை நான் அடைத்தேன்; மண் உருகத் தொடங்கியது. மண்ணைத் துளைத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு கதவு தரையில் உரசியது. அடியை இழைத்தார். பக்கத்து வீட்டு வெண்டல், "உன் வீடும் குடிக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றாராம். எங்கள் ஊரில் வீடு சாய்வது ஒரு சேதியே அல்ல. ஆளாளுக்குக் கதவை இழைத்துக்கொள்வார்கள். அப்பா சொன்னபோது நானும் சிரித்தேன்.

இந்தப் பிப்ரவரியில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்ற மூலை அமிழ்ந்தது. புகைக்குழாயின் மூட்டு விலகி, நச்சுவாயு வீட்டுக்குள் கசிந்தது. தூங்கப் போனவர் எழவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்து மூஸ் மான் கறிக்குழம்பு பரிமாறும்போது வெண்டல் அருகில் வந்தார்.

"உன் அப்பன் அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் குடுத்தான், தெரியுமா? எம்பொண்ணு போட்டதுன்னு ஒரே பீத்தல். எனக்கு அவனே வந்து பதிச்சான்."

"எத்தனை வீடு, மாமா?"

"என்னோட சேத்து ஆறு. கதகதன்னு இருக்கும்மா."

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அலுவலகத்திலிருந்து துளைக்கருவியைக் கொண்டுவந்து அவருடைய கார் கொட்டகைத் தரையில் இறக்கினேன். கான்கிரீட். சரளை. பிறகு ஒன்பது அடிக்கு வெறும் சேறு.

"என்னம்மா, ஐஸ் தட்டுதா?"

"இல்ல மாமா. கொதிகலனை அணைச்சிட்டு அத்தையைக் கூட்டிட்டு வெளிய வாங்க."

"வெளிய மைனஸ் நாப்பதும்மா."

"தெரியும். வாங்க."

தெருவில் மற்ற ஐந்து வீடுகளின் குழாய்களிலிருந்தும் புகை நேராக மேலே எழுந்துகொண்டிருந்தது.