வாழ்த்து மடலில் தாரைவார்த்த ஊற்று

குன்னூருக்கு மேலே ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் எழுத்தர். எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு இருப்பது ஒரே ஊற்று. அதன் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பாட்டில் தண்ணீர் ஆலை கட்டியது. திறப்பு விழாவுக்கு வாழ்த்து மடல் வேண்டும் என்றார் தலைவர். சால்வை போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட மடலைக் கையில் கொடுக்காவிட்டால் எங்களுக்கு விழா நடந்த மாதிரியே இருக்காது. மாற்றலாகிப் போகும் மின்வாரிய லைன்மேனைக்கூட விட்டதில்லை.

எழுதுவது நான்தான். தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்ற திமிர் வேறு. “எங்கள் ஊற்றின் ஒவ்வொரு துளியும் உமதே, எந்நாளும் எத்தடையும் குறுக்கே வாராது” என்று அளந்துவிட்டேன். தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். வெளிநாட்டுக்காரர் ஓரெழுத்தும் புரியாமல் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஊற்று வற்றியது. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் காலிக் குடத்தோடு ஆபீசுக்கு வந்தார்.

“ஏனுங்க, அவங்க மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. கொழந்தைக்குக் காய்ச்சல், கஞ்சி வெக்கக்கூடத் தண்ணியில்லீங்க.”

மழை வரும்வரை உறிஞ்சக் கூடாது என்று நோட்டீஸ் கொடுத்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கம்பெனியின் பதில் டில்லியைச் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாடுகளுக்கும் முதலீட்டு ஒப்பந்தம் இருக்கிறதாம். அது இடையில் ரத்தாகிவிட்டது, ஆனால் அதற்கு முன்பே முதல் போட்ட கம்பெனிகளுக்கு இன்னும் சில வருடம் செல்லுமாம். கொடுத்த வாக்கை மீறினால், நம் கோர்ட்டுக்கு வராமலே, எங்கோ வெளிநாட்டில் மூன்று நடுவர்கள் முன்னால் நம் நாட்டின் மேல் வழக்குப் போடலாமாம். குடத்தோடு நிற்பவருக்கு அங்கே இடம் கிடையாது. எங்கே வாக்குக் கொடுத்தோம் என்று இணைப்பைப் புரட்டினேன். என் மடல்தான், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள்.

“அது சும்மா வாழ்த்துங்க சார். அதெல்லாம் யாராச்சும் நம்புவாங்களா?” என்று கலெக்டர் ஆபீஸ் அதிகாரியிடம் போனில் கேட்டேன்.

“நோட்டீச வாபஸ் வாங்குங்க. நாட்டு மேல கேஸ் வந்தா நீங்களா போய் நிப்பீங்க?” என்றார்.

கேஸ் வரவில்லை. வரும் என்று யாராவது இருமினாலே படுத்துவிடும் ஆபீஸ் எங்களுடையது. வாபஸ் கடிதத்தையும் நான்தான் எழுதினேன், வெட்கங்கெட்டு.

கம்பெனி மனமிரங்கி இரண்டு பெட்டித் தண்ணீர் பாட்டில் அனுப்பியது. நன்றி மடல் ஒன்று எழுதிவிடச் சொன்னார் தலைவர்.

மறுநாள் அந்த அக்கா வந்தார். ஒரு பாட்டிலை நீட்டினேன். கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

“இதுக்கு எங்கயாச்சும் கையெழுத்துப் போடோணுமுங்களா?” என்று கேட்டார்.