'சி' போட்ட கணக்கு

நான் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியபோதுகூட விரட்டிவிட்டார்கள். ஏ, பி, சி மூன்றெழுத்தை மட்டும் தோல் பதனிடும் ஆம்பூர் ஷாப்பில் கற்றேன். நல்ல தோலுக்கு ஏ, சுமாருக்கு பி, கழிசலுக்கு சி.

என் தங்கை ரூபி ஸ்கூல் ஃபைனல் சேர்ந்த வருஷம், என் கைநாட்டுக்காக ஒரு தாளை ஷாப்புக்கே கொண்டுவந்தாள்.

"இது இன்னா, சி?"

"சி குரூப்பு கணக்குண்ணே. அல்ஜீப்ரா. அத எடுத்தாதான் காலேஜில கணக்கு படிக்கலாம்."

"நம்ம வூட்டுப் பொண்ணுக்குக் கழிசலா? அத அடிச்சிட்டு ஏ போடு."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை. அடிக்க வைத்து, தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தண்ணீர் சொட்டும் கட்டைவிரலை அழுத்தினேன். அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் அந்தத் தாளோடு திரும்பி வந்தாள். என் விரல் ஈரத்தில் மை கரைந்து ஓர் எழுத்தும் தெரியவில்லையாம். டீச்சரம்மா புதுத் தாள் கொடுத்திருந்தார்.

"இது தோல் இல்லண்ணே. இங்க சி தான் கஷ்டமான கணக்கு. அதான் கம்மிப் பேரு எடுக்கறாங்க."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க பேச வுட்ட?"

கையைத் துடைத்துவிட்டுப் புதுத் தாளில் கைநாட்டு வைத்தேன்.

இப்போது அவள் கணக்கு டீச்சர். கறை படிந்த அந்தப் பழைய தாளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே இதில் கைநாட்டு வைக்கிறேன். ஷாப்பில் சி போட்ட தோலையும் தூக்கிப் போடுமுன் ஒரு முறை திருப்பிப் பார்க்கிறேன்.