கடலைப் பார்த்த சிவப்பு பல்ப்

யுத்த காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தமிழனுக்கு வாடகை அறை கிடைப்பதென்பது அரைவாசி மோட்சம். அப்படிக் கிடைத்த அறையின் பல்கனியில் நான் முட்டைக்காகக் காடை வளர்த்தேன். என் புத்தியின் அளவை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

கோழி வைக்கக்கூடாது என்பது கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அன்ரியின் சட்டம். காடை கோழியல்ல என்று வாதாடி வென்றேன். கிராண்ட்பாஸ் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிவந்த பறவைகள் நன்றாகத் தின்றன, மண்ணில் குளித்தன, என் செருப்பில் எச்சமிட்டன. முட்டை மட்டும் இடவில்லை.

நான் விடுகிற ஆள் இல்லை. பறவை வளர்ப்பைப் பற்றி அகப்பட்ட அத்தனையையும் படித்தேன். காடைக்குப் பகல் நீளமாக இருக்கவேண்டுமாம். நம் ஊர்ச் சூரியனோ ஆறரைக்கே கடையைச் சாத்திவிடும். அதனால் பொழுதுபட்ட பிறகும் கூட்டில் விளக்கு எரியவேண்டும். சிவப்பு வெளிச்சமென்றால் ஒன்றையொன்று கொத்தாது. சிவப்பு பல்ப் பூட்டினேன். சில வாரங்களில் புள்ளிபோட்ட முட்டைகள் வரத் தொடங்கின.

கடலைப் பார்த்த பல்கனியில் சிவப்பு விளக்கு வைக்கலாமா என்பதைப் பற்றி நான் படித்த எதிலும் எழுதியிருக்கவில்லை.

அன்ரிதான் முதலில் கவனித்தார். "தம்பி, உந்தக் குருவியள் குறுக்கால நடக்கேக்க லைட் மினுங்கி மினுங்கித் தெரியுது. கடல்ல நிக்கிறவனுக்கு நீர் சிக்னல் குடுக்கிறீர் எண்டு நினைக்கமாட்டாங்களே? ஆமி ஒருக்கா இந்தப் படியேறினா, நீர் அறையை விட்டு இறங்கவேணும். சொல்லிப்போட்டன்."

"நாளைக்குச் சாக்குக் கட்டுறன் அன்ரி."

மறுநாள் கந்தோர் வேலை முடிந்து சாக்கோடு வந்தேன். ஆணி தேடிக்கொண்டிருக்கையில் ஆமி படியேறியது. ஒரு சார்ஜன், இரண்டு சிப்பாய்கள், பின்னால் மூச்சு வாங்கியபடி அன்ரி.

"மே லயிட் எக்க மொகட்டத?" என்றார் சார்ஜன். விளக்கு எதற்கு?

"முட்டை போடுறதுக்கு, சேர்" என்றேன் சிங்களத்தில். உண்மை இவ்வளவு மட்டமான பொய்யாக ஒலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேசையிலிருந்த முட்டைகளைக் காட்டினேன். கடையில் வாங்கியிருப்பாய் என்றார். நான் சார்ஜனாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஸ்டேஷனில் போய்க் கதைப்போம் என்று அவர் திரும்பியபோது அன்ரி முன்னே வந்தார். இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"கொஞ்சம் இருந்து பாருங்கோ மாத்தயா" என்றார், தன் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில். "இதுகள் பின்னேரத்திலதான் போடும். அந்த மூலையில நிக்கிறது இண்டைக்கு இன்னும் போடேல்ல."

என் முட்டைக் கணக்கு ஏன் அடிக்கடி உதைத்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

சார்ஜன் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை பேரும் மூலைக்காடையைப் பார்த்தோம். அது எங்கள் ஒருவரையும் பொருட்படுத்தாமல் தவிடு கிளறியது. தண்ணீர் குடித்தது. நான் எந்தப் பரீட்சை முடிவுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. கடைசியில் அது உடலைக் குறுக்கி, ஒருமுறை சிலிர்த்து, எழுந்து நடந்தது. முட்டை உருண்டு முன்தட்டுக்கு வந்தது.

சார்ஜன் அதை எடுத்துச் சூடு பார்த்தார். "ஹரி, சரி. வெளிச்சத்தை மூடு. அடுத்ததா வாறவன் இருந்து பார்க்கமாட்டான்." முட்டையை என் கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

"அன்ரி, நான் எப்ப இறங்கவேணும்?" என்று கேட்டேன்.

"எங்க? போற இடத்திலயும் சிவப்பு லைட் போடவோ? அந்தச் சாக்கின்ர மற்றப் பக்கத்தைப் பிடியும்."

பிடிக்குமுன் பல்பை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அதை நூர்க்காதையும்" என்றார் அன்ரி. "இன்னும் ரெண்டு போடேல்ல."