அவர் எடுத்துக் கொடுத்த பேர்

ஆவி உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமலே என் நண்பர் போய்விட்டார். திருவள்ளூரில், மழை விட்டும் விடாத ஒரு காலையில் அவரை எரித்தோம். திரும்பும்போது ரயில் செவ்வாப்பேட்டையைத் தாண்டியது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அவர் முகம் வரவில்லை. ஏரிக்கரைப் பெண் ஒருத்தியின் உதடுகள் வந்தன. திறந்து, திறந்தபடியே நின்றுவிட்ட உதடுகள்.

பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பம் அவருடையது. அதை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய தொழிற்சாலை ஒன்றில் டைம் கீப்பராக உட்கார்ந்தார். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் பேய் நடமாடுகிறது என்று யார் சொன்ன இடத்துக்கும் கிளம்பிவிடுவார். கவரைப்பேட்டையில் ஒரு கிணறு. பொதட்டூர்பேட்டையில் ஒரு பூட்டிய வீடு. நானும் கூடப் போவேன். பெரும்பாலும் எலி, சில சமயம் மாமியாரிடம் அகப்பட்ட மருமகள். நான் சிரிப்பேன், அவர் சிரிக்கமாட்டார். ஒன்றே ஒன்று நிஜமாக இருந்துவிட்டால் போதும், இந்த ஜன்மத்துக்கு அது காணும் என்பார்.

அவரிடம் நான் கற்றது பேய்களைப் பற்றியல்ல, கேட்பதைப் பற்றி. பேசுகிறவர் தடுமாறினால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் பொறுக்காமல் உதவப் போக, பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினார்: “நீர் ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தீரோ, அதுக்கப்புறம் வர்றது பேயும் இல்ல, மனுஷாளும் இல்ல. உம்ம எதிரொலி ஓய்!”

எங்களிடம் மூட்டை தூக்க வந்த ஒருவன் பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரன். தன் ஊர்ப் பெரியவர் அழைப்பதாகச் சொல்லி, ஒரு ஞாயிறு எங்களைப் படகில் அழைத்துப்போனான். படகுக் கழியை ஊன்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

“புயல்ல போனவன் சார். பொணம்கூட கெடைக்கல. இப்போ பொண்டாட்டி வாயில வந்து பேசிக்கினு கீறான். ஊரே பேஜாராயிடுச்சு.”

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்த வீடு வலை போடலாம் என்று அந்த ஊர் ஆண்கள் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு இல்லை. காணாமல் போனவனுக்குக் காரியம் செய்துவிட்டால் அந்த வீட்டின் முறை அன்றோடு போயிற்று. மடியில் ஒரு பால்குடிப் பிள்ளை; அது வளர்ந்து வலை தொடும்வரை அவளுக்கு ஒன்றுமில்லை. குரல் வந்துகொண்டிருப்பதால்தான் காரியம் தள்ளிப்போகிறது. போனவனின் தம்பி அண்ணன் முறையில் வலை போட்டு மீனைக் கொண்டுவந்து கொடுக்கிறான். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். குரல் நிஜமா பொய்யா என்று என் நண்பர் சொல்லவேண்டும். போனவனின் பேரையும் மூட்டைக்காரன் சொன்னான்.

உச்சிவெயில். கருவாட்டு வாசம். குடிசைக்கு முன்னால் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. கண்கள் செருகி, தோள்கள் ஆணின் தோள்களைப்போல விரிந்தன. தொண்டைக்கு அடியிலிருந்து கரகரவென்று வந்தது அது.

“யார்ரா இட்டாந்தீங்க இந்த ஐயரை?”

என் நண்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஆசை இருந்தது. எங்கே போனாலும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

“நீ யாரு? உன் பேரைச் சொல்லு.”

“நான்...” என்றது குரல். “நான்தான்...”

உதடுகள் திறந்தன. நின்றன. தொண்டையில் ஏதோ ஏறுவதும் இறங்குவதும் வெளியே தெரிந்தது. மறுபடி, “நான்...” வியர்வை மூக்கு நுனியில் திரண்டு விழுந்தது.

“சொல்லேன்டா!” என்றான் கூட்டத்தில் ஒருவன். “செத்தா பேரு மறந்துடுமா? இல்ல, அங்க வேற பேரு வெச்சாங்களா?” சிலர் சிரித்தார்கள். சிரிப்பு கெட்ட சிரிப்பு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புருஷன் பேரை வாயில் எடுக்காதவள் அவள். எந்தக் குரலில் பேசினாலும் நாக்கு அவளுடையதுதானே. அங்கே நின்ற அத்தனை ஆண்களின் மனைவிகளும் அப்படித்தான். ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை. என் நண்பருக்கு உறைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும். அவர் தேடிய பதில் தானே வந்துவிடும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்தார். போனவனின் பேரைச் சொல்லி, “அவன்தானே நீ?” என்றார்.

“ஆமா!” என்று அலறினாள். பிள்ளை விழித்து அழுதது.

“இன்னா ஐயரே, நீயே சொல்லிக் குடுக்கற?” என்று கேலி பேசியவன் பாய்ந்து வந்தான்.

“எங்க முறை அது. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் நிப்பான். தெரியாம பேசாதே!” என்று அதட்டினார். அப்படி ஒரு முறை உலகத்தில் கிடையாது. ஊர்ப் பெரியவர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி. அவன் பாடு அவனுக்கே இருக்கட்டும்.”

படகில் நான் குமுறினேன். “கெடுத்துட்டீங்களே சார். பொய்யின்னு தெரிஞ்சுபோச்சே!”

“பேர் வரலேன்னுதான் தெரிஞ்சுது. குரல் பொய்யின்னு உமக்கு யார் சொன்னா?” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நிஜமாவே வந்திருந்தாலும் அவ நாக்குல அந்தப் பேர் ஏறியிருக்காது. வேற கேள்வி ஒண்ணு கேட்டிருக்கலாம். கேட்டா தெரிஞ்சுடுமேன்னு பயமாயிடுத்து ஓய். இனிமே எனக்கும் தெரியாது.”

அதற்குப் பிறகு அவர் பேய் தேடி எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

அடுத்த சீட்டு முடிந்த மறுநாள், நாஷ்டா வேளையில் மூட்டைக்காரன் வந்து நின்றான். அந்த வீட்டுக்குப் பாடு விழுந்துவிட்டதாம், நல்ல இடமாம்.

“யார் பேரைச் சொல்லிக் கூப்ட்டா?” என்று மட்டும் கேட்டார் அவர்.

“அவன் பேரத்தான் சார்.”

தலையசைத்தார். சங்கு ஊதியது. கை கழுவிவிட்டு, உள்ளே வருகிறவர்களின் நேரத்தைக் குறிக்கப் போனார்.