நாலு மணிக் கையெழுத்து

வாழ்க்கையில் எனக்குப் பிசிறில்லாமல் செய்ய வந்த ஒரே வேலை, என் அண்ணனுடைய கையெழுத்தைப் போடுவது. என் சொந்தக் கையெழுத்து நாளுக்கு ஒரு மாதிரி வரும். ஒருமுறை வங்கியில் இருந்த பெண், "இது நீங்க போட்டதுதானுங்களா?" என்று கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணனுடையது அப்படியல்ல. தொடக்கத்தில் ஒரு கொக்கி, நடுவில் பெயர் இருப்பது போன்ற ஒரு தோற்றம், கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அண்ணன் இறந்து எட்டு மாதம் கழித்தும் ஒன்று போட்டேன். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நல்லூரில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினான்கு தையல் மிஷின், ஒரு கட்டிங் டேபிள், பின்னால் துணி ரோல் அடுக்க ஓர் அறை, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் துணி அனுப்பும். நாங்கள் வெட்டித் தைத்துத் திருப்பி அனுப்புவோம். கட்டடம் என் பெயரில், மிஷினும் தொழிலும் அண்ணன் பெயரில். வேலையையும் அதே மாதிரிதான் பிரித்துக்கொண்டோம்: கட்டடம் சும்மா நின்றது, நானும் கூடவே நின்றேன்.

சும்மா நிற்பவன் கையில்தான் டிசி புத்தகம் வந்து சேரும். டிசி என்பது டெலிவரி சலான். ஒவ்வொரு லோடுக்கும் ஒன்று எழுதி, முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் வண்டி கிளம்பும். வாசலில் குட்டியானை லோடு வண்டி வந்து நின்று ஹாரன் அடிக்கும்போது அண்ணன் ஏதாவது ஓவர்லாக் மிஷினுக்கு அடியில் படுத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருப்பார். அங்கிருந்தே, "நீயே போட்டுடு" என்பார். முதலில் என் பெயரைப் போட்டேன். நேற்று ஒரு கையெழுத்து, இன்று ஒரு கையெழுத்து என்று பெரிய கம்பெனியில் சரக்கை இறக்காமல் திருப்பி அனுப்பினார்கள். சரி, தொழிலுக்கு நம்மால் முடிந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் ஓரங்களில் அண்ணன் கையெழுத்தை எழுதிப் பழகினேன். இந்த ஊரில் பாதி டிசியில் இப்படித்தான் யாரோ ஒருவர் இன்னொருவராக இருக்கிறார். எங்கள் கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும், டெய்லர்களுக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியும். மாடியில் குடியிருந்த அண்ணிக்கு மட்டும் தெரியாது. அப்போதெல்லாம் அவர் கம்பெனிக்குள் அதிகம் வரமாட்டார்.

அண்ணன் போன அன்று நாலு மணிக்கு ஒரு லோடு போக வேண்டியிருந்தது. அவர் பின்னறையில் துணி ரோல்கள்மேல் சாய்ந்து படுத்திருந்தார். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது, வாயு போல என்றார். வண்டி நிற்கிறது என்றேன். "நீயே போட்டுடு" என்றார். போட்டேன். ஐந்தரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் அண்ணி ஒன்றைத்தான் சொன்னார்: "நாலு மணிக்குக்கூட நல்லாத்தானுங்க இருந்தாரு. கையெழுத்துப் போட்டு லோடு அனுப்பியிருக்காரே." சொல்லும்போதே அவர் முகம் கொஞ்சம் தெளியும். அந்த டிசியின் நகலைப் புத்தகத்திலிருந்து எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கட்டிங் டேபிளுக்கு நேரே அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். காலையில் படத்துக்கு ஒரு செவ்வந்தி, கையெழுத்துக்கு ஒரு செவ்வந்தி. இரண்டாவது பூ எனக்கு வைத்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும். உயிரோடு இருக்கும்போதே தினமும் எட்டரை மணிக்குப் பூ வாங்கிக்கொள்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அந்த நேரத்தில் டீக்கடைக்குப் போய்விடுவேன். திரும்பி வந்தால் பூ இருக்கும்.

சொல்லியிருக்கலாம். பலமுறை வாயைத் திறந்தேன். சொன்னால் நாலு மணிக்கு நன்றாக இருந்த மனிதர் இல்லாமல் போய்விடுவார். அவருக்குப் பதிலாகப் பின்னறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் படுத்திருப்பார், பக்கத்தில் பேனாவோடு நான் நிற்பேன். அண்ணியிடம் மிஞ்சியிருந்தது அந்த நாலு மணி ஒன்றுதான். அதை எந்தக் கையால் பிடுங்குவது?

அண்ணி கீழே இறங்கி வந்து கம்பெனியை எடுத்து நடத்தினார். எங்கள் இருவரையும்விட நன்றாகவே நடத்தினார். தொழிலை அவர் பெயரில் பதிய வேண்டுமென்றால், தன் கட்டடத்தில் அவர் தொழில் நடத்த ஆட்சேபணை இல்லை என்று கட்டடக்காரர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், அதில் நோட்டரி முத்திரை வேண்டும் என்றார் ஆடிட்டர். ஷிப்மெண்ட் வாரம், யாரும் நகர முடியாது. இந்த ஊருக்கென்றே ஒரு நோட்டரி வக்கீல் இருந்தார். கூப்பிட்ட இடத்துக்கு ஸ்கூட்டரில் வருவார். கம்பெனி, வீடு, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் அவருக்கு அலுவலகம்தான். அண்ணனுக்கும் எனக்கும் கட்டட வாடகை ஒப்பந்தம் போட்டபோதும் அவர்தான் வந்திருந்தார். போன் செய்தேன். "டேபிள் மட்டும் ஒண்ணு காலியா வையுங்க, வந்தர்றேன்" என்றார்.

பதினொரு மணிக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, பையிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினார். ஐந்தே நிமிடத்தில் பஞ்சுத் தூசி படிந்து கோட்டு சாம்பல் நிறப் பூனை மாதிரி ஆகிவிட்டது. கட்டிங் டேபிளில் கரடி படம் போட்ட குழந்தைகள் பைஜாமா பீஸ்களை ஒதுக்கி, வட்ட முத்திரை, மைப் பெட்டி, ஸ்டாம்ப், நீளமான ஒரு ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். ஸ்டாம்ப் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார். என் ஆதார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நீங்கதானுங்களா?"

"அப்ப முடி இருந்துச்சுங்க."

"யாரும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கலயே?"

"வற்புறுத்துனா நான் எந்த வேலையும் செய்யறதில்லீங்க. வேணும்னா அண்ணியக் கேளுங்க."

அண்ணி எதிரில் உட்கார்ந்து பீஸில் நூல் வெட்டிக்கொண்டே சிரித்தார். அந்த எட்டு மாதத்தில் அது அபூர்வம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தைப் பெருமையாகப் போட்டேன். இதில் கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று கடைசியில் இருந்தது. அதற்கும் போட்டேன்.

"இங்க ஒண்ணு" என்று வக்கீல் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். கோடு போட்ட கட்டங்கள், வரிசை எண், தேதி, ஓரத்தில் கையெழுத்துக்கு இடம். பார்க்க டிசி புத்தகம் மாதிரியே இருந்தது. வாசலில் குட்டியானை ஹாரன் அடித்தது. நான் யோசிக்கவில்லை, கை போட்டுவிட்டது. கொக்கி, கோடு, இரண்டு புள்ளி.

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது யாரு கையெழுத்துங்க?"

கட்டிங் மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டார். நான், "கிறுக்கிப் போட்டனுங்க, அடிச்சர்றேன்" என்று பேனாவைத் தூக்கினேன்.

"அடிக்கலாமுங்க. ஒரே கோடுதான். அடியில இருக்கறது படிக்கற மாதிரி இருக்கோணும். இந்த ரிஜிஸ்டர்ல எதையும் இல்லாமப் பண்ண முடியாதுங்க."

கோடு போட்டேன். கோட்டுக்குள்ளிருந்து அண்ணன் கையெழுத்து அன்றைய தேதியோடு பளிச்சென்று தெரிந்தது. அடுத்த வரியில் என் கையெழுத்தைப் போட்டேன். கோழி கிளறியது மாதிரி வந்தது. வக்கீல் பத்திரத்தில் முத்திரை குத்தினார். தொழில் அண்ணிக்கு வருவதற்கான தடை நீங்கிவிட்டது. ஆனால் அண்ணி பத்திரத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ச் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் வைத்த பூ என் புதுக் கையெழுத்தின்மேல் விழுந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"இதும் நீங்கதானா?"

என்னிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மாமனாரைச் சிரிக்க வைத்துத்தான் காரியத்தை முடித்தேன். அன்று வெறுமனே, "ஆமாங்க" என்றேன்.

"எத்தன வருசமா?"

"ஏழெட்டு வருசம் இருக்கும்மா" என்று பின்னாலிருந்து கட்டிங் மாஸ்டர் சொன்னார். என்னைக் காட்டிக் கொடுப்பதாக அவர் நினைக்கவில்லை. எனக்கு ஞாபகம் வரவில்லையோ என்று உதவி செய்தார்.

"அப்ப அவரு போட்டது எதுங்க? ஒண்ணக் காட்டுங்க."

பரணிலிருந்து பழைய டிசி புத்தகங்களை இறக்கினேன். கட்டாயம் சிலதை அண்ணனே போட்டிருப்பார். நான் காய்ச்சலில் கிடந்த நாட்கள் உண்டு. புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் அதே கொக்கி, அதே கோடு. எது அவர், எது நான் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்றைத் தொட்டு, "இதுங்க அண்ணி" என்றேன். அண்ணி தேதியைப் பார்த்தார்.

"அன்னிக்கு நாங்க தாராபுரத்துல கல்யாணத்துல இருந்தோம்."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "என்ற கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. வாடகை ஒப்பந்தத்துக்குப் போட்டது. அன்னிக்கும் உங்க அண்ணன் இவரக் காட்டி, நீயே போட்டுடுன்னாரு. ஆளு முன்னால உக்காந்திருக்கீங்கல்ல, நீங்களே போடுங்கன்னு நாந்தான் விடல. பழைய ரிஜிஸ்டர் ஊட்டுல இருக்குது. பத்து நிமிசம்."

அவர் போய்விட்டு வரும்வரை நான் கரடி பீஸ்களை எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

துண்டில் சுற்றிய ரிஜிஸ்டரோடு வந்தார். பக்கத்தைத் தேடிப் பிரித்து அண்ணியின் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து ஒன்று, அதற்கு மேல் அண்ணனுடையது. நான் எட்டிப் பார்த்தேன். கொக்கி வேறு பக்கம் வளைந்திருந்தது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அழுத்தி எழுதியிருந்தார். அடியில் கோடு இல்லை. புள்ளிகளும் இல்லை. அந்த இரண்டு புள்ளிகளை அண்ணன் தலையில் கட்டியது நான்தான். இத்தனை வருடமாக அவர் வைப்பதாக நினைத்து நான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் காய்ச்சல் நாட்களில் அவரும் என்னுடையதைப் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

"தொடலாமுங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"தொடுங்க. எடுத்துட்டுப் போகத்தான் முடியாது."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, ஒரு விரலால் எழுத்து எழுத்தாக அதன்மேல் போனார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போனார். அவசரக்காரரான வக்கீல் கோட்டில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அண்ணி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அப்ப நாலு மணிக்கு அவரு எங்க இருந்தாரு?"

"ரோல் ரூம்ல படுத்திருந்தாருங்க. நெஞ்சு அடைக்குதுன்னாரு. வாயுன்னாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

"மத்தியானம் போண்டா தின்னாருங்க அண்ணி. அதனால... வயித்துக்குள்ள போண்டா ஷிப்மெண்ட் ஏத்தியிருக்கறீங்க, டெலிவரி கொஞ்சம் லேட்டாத்தான் ஆகும்னு சொன்னனுங்க."

மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அண்ணி திட்டுவார், அழுவார், எழுந்து மாடிக்குப் போவார் என்று வரிசையாக எதிர்பார்த்தேன். அவர் விரலை எடுக்காமல் இருந்தார்.

"அதுக்கு அவரு சிரிச்சாருங்களா?"

"சிரிச்சாருங்க அண்ணி."

அண்ணி மெதுவாகத் தலையை ஆட்டினார். ரிஜிஸ்டரைத் தானே மூடி, இரண்டு கையாலும் தூக்கி வக்கீலிடம் கொடுத்தார். வாசலில் வண்டிக்காரர் டிசி புத்தகத்தை வழக்கம்போல என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணி அதை வாங்கி, நின்றபடியே தன் பெயரை எழுதினார்.

வக்கீல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். நான் அறிந்தவரை உண்மை என்று சற்று முன்புதான் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அண்ணன் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம், மூச்சாகவும் இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொண்டு டிசியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.