லலிதா அக்கா என்றொரு உறுப்பினர்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் தமிழில் கேட்டிருந்தார்: "இங்க இட்லி அரிசி எந்தக் கடையில நல்லா இருக்கும்?" கீழே நான்கு கட்டைவிரல்கள், ஒரு சிரித்த முகம், யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். பதில் மட்டும் இல்லை. எனக்குக் கை பரபரத்தது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த அரிசி கிடைக்கும் என்று பத்து வரி எழுதிப் போட்டேன். அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

இட்லி அரிசி என்றால் உங்களுக்குப் பசி வரலாம். எனக்கு லலிதா அக்கா ஞாபகம் வரும். நான் தொடங்கிய இணைய மன்றத்தின் முதல் கேள்வியே அதுதான். கேட்டவன் நான். பதில் சொன்னது லலிதா அக்கா. அவரும் நான்தான்.

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கே கரமனையில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். செல்போன் என்றால் பேச மட்டும் என்றிருந்த காலம். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகியும் கல்யாணமாகியும் திருவனந்தபுரம் வருகிறவர்கள் மலையாளப் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் தம்பானூர் பஸ் நிலையத்தில் நின்று விழிப்பதைத் தினமும் பார்ப்பேன். அவர்களுக்காகத்தான் 'கோட்டைவாசல்' என்று ஒரு மன்றம் தொடங்கினேன். எல்லாரும் வந்து குவிவார்கள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஒரே ஒரு உறுப்பினர்தான் இருந்தார், அடியேன்.

சாப்பிட ஆள் உட்கார்ந்திருக்கும் ஓட்டலுக்குள்தானே நாமும் நுழைவோம்? லலிதா அக்கா உட்பட ஐந்து உறுப்பினர்களை நானே உண்டாக்கினேன். ஒருவர் எல்லாவற்றுக்கும் சலித்துக்கொள்வார். இன்னொருவர் பஸ் பைத்தியம். பொன்முடிக்கு மத்தியானம் பஸ் உண்டா இல்லையா என்று அந்த இருவரும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரன் மணிகண்டன், என்னைப் போலவே நாஞ்சில் நாட்டுக்காரன், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எடே, ஒன்னய நீயே ஏசுகியா? பிராந்தாடே ஒனக்கு?"

பைத்தியமோ என்னவோ, பலித்தது. சண்டையை விலக்கிவிடத்தான் முதல் நிஜ உறுப்பினரே வந்தார். பிறகு வரிசையாக வந்தார்கள். மலையாளத்தில் வந்த பள்ளிக்கூடச் சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து போட்டு அர்த்தம் கேட்டார்கள், வீடு தேடினார்கள், தமிழ் சொல்லித்தர ஆள் தேடினார்கள். அணைத் தண்ணீர் பற்றிப் பேசக் கூடாது, கேட்ட கேள்விக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட வேண்டும் என்று இரண்டே சட்டங்கள் வைத்தேன். அந்த மன்றத்தை நான் நன்றாக நடத்தினேன். இதில் அடக்கம் காட்டி என்ன ஆகப்போகிறது?

நிஜ ஆட்கள் வரவர என் பொய் ஆட்களை ஒவ்வொருவராக வெளியேற்றினேன். லலிதா அக்காவை மட்டும் அனுப்ப முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது, ஊரின் பழைய கோட்டைக்குள் வீடு, முழங்கால் வலி என்றெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். அம்மாவிடமும் கேண்டீனில் சாப்பிடும் பெண்களிடமும் கேட்டுக் கேட்டு அக்காவின் பேரில் எழுதுவேன். பெண்கள் அவருக்குத் தனிச்செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

அப்படி எழுதியவர்களில் ஒருத்தி மீனாட்சி. திருநெல்வேலிப் பெண், பட்டம் பகுதியில் குடியிருந்தாள், புருஷனுக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. ஒருநாள் எழுதினாள்: "அக்கா, எனக்கு அம்மா கெடையாது. அடுத்த வாரம் பிரசவத்துக்குச் சேக்கணும்னு சொல்லுதாவ. நீங்க பக்கத்துல வந்து இருப்பியளா?"

மணிகண்டனிடம் சொன்னேன். "அக்காவக் கொன்னுரு. ரெண்டு நாளு அழுவாங்க, அவ்வளவுதான்" என்றான். பிள்ளை பெறப் போகிறவளிடம் சாவுச் செய்தி சொல்வதா? முழங்கால் வலி என்று தட்டிக் கழிக்கலாம்தான். ஆனால் அவள் நம்பிக் காத்திருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும் என்று தோன்றியது. முதலில் மீனாட்சிக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பிறகு மன்றத்திலும், ஒரு பெண் பிரசவத்துக்குத் துணை கேட்டதை அவள் பேரைச் சொல்லாமல் எழுதி, லலிதா அக்கா நான்தான் என்று அறிவித்தேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிலர் விலகினார்கள். மூன்றாம் நாள், அதுவரை ஒரு வரிகூட எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்த ஒருவர் புதிதாகச் சேர்ந்து எழுதினார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் பாகீரதி மாமி. "பொம்மனாட்டி வேஷம் கட்டினது தப்பு. அதை அப்பறம் பேசிக்கலாம். நான் நிஜமாவே கோட்டைக்குள்ளதான் இருக்கேன். அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுச் சொல்லுங்கோ."

அதை அப்படியே மீனாட்சிக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரி பேரும் தேதியும் மட்டும் வந்தன. மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் முறை வைத்துக்கொண்டு போய் இருந்தார்கள். பெண் குழந்தை. மாமி மன்றத்தில் அறிவித்தபோது நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன். மணிகண்டன் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மீனாட்சி எழுதினாள். "என்னைய ஏமாத்துனது நீங்க. லலிதா அக்கா ஒண்ணும் பண்ணல. அவள எங்கிட்ட குடுங்க."

கடவுச்சொல்லைக் கொடுத்தேன். கைக்குழந்தையோடு அவள் லலிதா அக்காவாக இருந்து பதில் எழுதினாள். என்னைவிட நூறு மடங்கு நன்றாக எழுதினாள். புருஷனுக்கு மாற்றல் வந்தபோது, தான் ஒத்தாசை செய்த இன்னொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அதுவே வழக்கமாகிவிட்டது. லலிதா அக்கா என்று தனியாக ஒருவர் இல்லை, நம்மில் ஒருவர்தான் மாறி மாறி எழுதுகிறார் என்று முகப்பிலேயே போட்டிருந்தோம். தெரிந்தும் பெண்கள் அக்காவுக்கு எழுதினார்கள்.

பிறகு செல்போனிலேயே வாட்ஸப் குழுக்கள் வந்தன. சண்டை சச்சரவு இல்லாமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியாக அக்காவாக இருந்த பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் கூப்பிட்டாள்: "சேட்டா, ரெண்டு மாசமா ஒரு மெசேஜும் இல்ல. இனி அக்காவ வச்சிட்டு என்ன செய்ய?"

மன்றத்தை மூட உட்கார்ந்த அன்று லலிதா அக்காவின் தனிச்செய்திப் பெட்டி திரையில் வந்து நின்றது. நான் அக்கா வேஷத்தை விட்ட பிறகு வந்த இத்தனை வருடக் கடிதங்கள். மாமியாரிடமும் புருஷனிடமும் சொல்ல முடியாததையெல்லாம், இல்லாத ஓர் அக்காவிடம் சொல்லியிருப்பார்கள். நிர்வாகி என்பதால் எதை வேண்டுமானாலும் என்னால் திறக்க முடியும். எழுதுகிற ஆசை உள்ளவனுக்கு அதைவிடப் பெரிய புதையல் உண்டா? விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. அவை எனக்கு எழுதப்பட்டவை அல்ல. ஒன்றைக்கூடப் படிக்காமல் எல்லாவற்றையும் அழித்தேன்.