கல்யாணத்தின் கீழ்ப்பாதி

என் மகளின் கல்யாணத்தில் எடுத்த படங்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. போட்டோக்காரன் இந்த எண்ணைப் பெருமையாகச் சொன்னான். பிலிம் இருந்தவரை முப்பத்தாறுக்கு ஒருமுறை சுருள் மாற்ற வேண்டும் என்பதால் இவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது, அந்த யோசனையும் போயிற்று. பந்தி இலையில் வைத்த வடையை மட்டும் அவன் ஒன்பது தடவை எடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கல்யாணம் ஆவணியில். மாப்பிள்ளை பத்தொன்பதாம் நாள் வெளிநாட்டில் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். மகள் பின்னால் போக விசா வேண்டும். அதற்குச் சென்னையில், அந்த நாட்டுத் துணைத் தூதரகத்தில், நேர்காணல். கொண்டுபோக வேண்டியவை பதினொன்று என்று பட்டியல் அனுப்பியிருந்தார்கள். ஏழாவது, சடங்குகள் தெரியும்படியான கல்யாணப் படங்கள். பதிவுச் சான்றிதழும் கையில் இருந்தது. ஆனால் நம் ஊர்ச் சான்றிதழ்களின் லட்சணம் அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், படத்தைக் காட்டு என்கிறார்கள். அன்றைக்குப் படம் இல்லையென்றால் மறுபடி தேதி கிடைக்க எட்டு மாதம் ஆகும் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார்.

போட்டோக்காரனின் ஸ்டுடியோ பழவங்காடியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில். பதினேழு படி. ஆல்பத்துக்காக அந்தப் பதினேழையும் நான் ஆறு தடவை ஏறினேன். ஏழாம் தடவை, விஜயதசமிக்கு மறுநாள், அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அதுவரை எழுந்ததில்லை.

இந்த மலையாள ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. படங்களை சி.டி.யில் ஏற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளும் வேலையை இவன் விஜயதசமி நல்ல நேரத்துக்கென்று ஒத்திவைத்திருந்தான். கேமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தும் விட்டான். ஆகவே என் மகளின் கல்யாணம் முழுவதும் அவனுடைய கம்ப்யூட்டரில், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

மற்ற கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிடப் போவார்கள். இவன் பக்திமான். பெட்டிக்கு வைத்தால் பெட்டிக்குத்தானே போகும் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்கையே வெளியே எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, சந்தனம் குழைத்து அப்பியிருக்கிறான். டிஸ்கின் மேல் கடுகளவில் ஒரு துளை உண்டு, காற்று போய்வர. அதை மூடாதே என்று ஆங்கிலத்தில் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அவன் சரியாக அந்தத் துளையின் மேல்தான் வைத்தான்.

“அங்கதான் சாரே நெத்தி மாதிரி தோணிச்சு” என்றான்.

“அதில் எழுதியிருந்ததைப் படித்தாயா?”

“பூஜை வச்ச பிறவு படிக்கக் கூடாதுல்லா?”

நான் முப்பத்துமூன்று வருஷம் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவன், முட்டாள்தனத்துக்குப் புதியவன் அல்ல. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

“எடுத்து மாட்டி ஆன் பண்ணினேன். டக் டக்னு ஒரு சத்தம், பல்லி சொன்ன மாதிரி. நல்ல சகுனம்னுதான் மொதல்ல நெனச்சேன்.”

அதோடு நின்றானா என்றால் இல்லை. குளிரில் வைத்தால் உள்ளே ஒட்டிக்கொண்டது விடும் என்று யாரோ ஒரு மேதை சொன்னானாம். டிஸ்கை பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தான். என் மகளின் மாங்கல்யதாரணம் ஒரு நாள் முழுக்க இரண்டு அயிலை மீன்களுக்கு நடுவே கிடந்தது. இதை என் மனைவியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

நேர்காணலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மகளும் நானும் டிஸ்கை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே உள்ள கழக்கூட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு வாடகை ஃபிளாட்டில் ஒருவர் கெட்டுப்போன டிஸ்கிலிருந்து படங்களை மீட்பதையே தொழிலாகச் செய்கிறார் என்று மகள் விசாரித்து வைத்திருந்தாள். மலையாளி, சாஃப்ட்வேர் கம்பெனியை விட்டு வந்தவர். முன்னறையில் செத்துப்போன டிஸ்குகள் அடுக்கடுக்காக இருந்தன. நான் நூற்று நாலு வரை எண்ணினேன். அதற்குள் அவர் டிஸ்கை மூக்கருகே கொண்டுபோய், “மீனும் சந்தனமும். இது ஃபர்ஸ்ட் டைம் ஆணு” என்றார்.

அவர் விளக்கியது இவ்வளவுதான். உள்ளே தகடு சுழல்கிறது. அதைத் தொடாமல், மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில், ஒரு முள் படித்துக்கொண்டு போகிறது. காற்றுத் துளை அடைபட்டு, குளிரும் ஈரமும் பட்டு, முள் தகட்டில் உரசியிருக்கிறது. அதே கம்பெனியின் அதே வகை டிஸ்க் இன்னொன்று கிடைத்தால் அதன் முள்ளைப் பிடுங்கி இதில் வைத்துப் பார்க்கலாம்.

“முழுசும் கிட்டுமா?” என்று மகள் கேட்டாள்.

“கிட்டுந்நது கிட்டும் மோளே. பக்ஷே பேரு இருக்காது, டேட் இருக்காது. எல்லாம் கலங்கி வரும்.”

இந்த மாதிரி ஆட்களின் தன்னடக்கத்தை நான் நம்புவதில்லை. ஆனால் அவர் சொன்னபடியேதான் நடந்தது. பதினோராம் நாள் ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் படங்களைக் கொடுத்தார். பெயருக்குப் பதில் எண். பதினாலு கல்யாணம், இரண்டு உற்சவம், ஒரு கல்லூரி ஆண்டுவிழா, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

மகளும் நானும் வீட்டுக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து பொறுக்கினோம். பதினாலு கல்யாணப் பெண்களுக்கும் ஒரே முகத்தைப் பூசியிருந்தார்கள். பதினாலு ஜோடியையும் அந்த மடையன் ஒரே மாதிரி நிற்க வைத்து, ஒரே வெற்றிலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தான். மகளே தன்னை இரண்டு இடத்தில் தவறாக அடையாளம் காட்டினாள். நான் பின்னணியைப் பார்த்தேன். எங்கள் முகூர்த்தத்தன்று மண்டபத்தில் ஏழு மின்விசிறிகளில் மூன்றாவது ஓடவில்லை, அதற்காக மேனேஜரோடு சண்டை போட்டிருந்தேன். மற்ற ஆறும் கலங்கித் தெரிய, ஒன்று மட்டும் இறக்கை இறக்கையாக நின்றால் அது நம்முடையது. இப்படி ஐந்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு தேறின.

அவற்றில் முழுப் படம் அறுபத்தொன்று. வடை ஒன்பதும் அந்த அறுபத்தொன்றில் பத்திரமாக இருந்தன. மற்ற நூற்றைம்பத்தொன்றும் மேலே படம், கீழே வெறும் சாம்பல் நிறம். தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதில் மாப்பிள்ளை குனிந்திருக்கிறார், அவருடைய தங்கை விளக்கோடு நிற்கிறாள், என் மகளின் முகம் தெரிகிறது. கழுத்துக்குக் கீழே சாம்பல். கையும் இல்லை, தாலியும் இல்லை.

போட்டோக்காரனிடம் கொண்டுபோனேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

“இதுக்கா இத்தன வெப்ராளம்? வேற கல்யாணத்துலேருந்து கீழ்ப்பாதிய எடுத்து ஒட்டிரலாம் சாரே. கை எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“அவர்கள் கண்டுபிடித்தால் இந்த ஜன்மத்தில் அவளுக்கு விசா கிடையாது. தெரியுமா உனக்கு?”

“வெள்ளக்கார சாயிப்புக்குத் தாலியும் தெரியாது, கையும் தெரியாது. நீங்கதான் சும்மா பயந்து பேடிக்கியோ.”

முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வீட்டில் சொன்னால் மகள் அவன் பக்கம் பேசினாள்.

“அப்பா, பட்டியல்ல சடங்கு தெரியணும்னு போட்டிருக்கா. தாலி இல்லாத படத்தைக் காட்டி நான் என்ன சொல்றது? உங்களுக்கென்ன, எட்டு மாசம் உங்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு?”

மாப்பிள்ளையும் போனில், ஒட்டிக் கொடுத்துவிடலாம் மாமா என்றார். படித்தவர். நான் போனைக் கீழே வைத்தேன்.

கிளம்பும் நாள் தம்பானூர் ஸ்டேஷனில், ரயில் வருவதற்கு நாற்பது நிமிஷம் முன்னாலேயே போய் உட்கார்ந்தோம். மகள் தண்ணீர் வாங்கப் போனபோது ஆல்பத்தை எடுத்து எண்ணினேன். முழுப் படம் முப்பது, பாதிப் படம் பத்து, ஆக நாற்பது என்று நானே தேர்ந்தெடுத்து ஒட்டியிருந்தேன். இப்போது நாற்பத்தொன்று இருந்தது. தாலி கட்டும் படத்துக்குப் பின்னால் அதே படம் இன்னொரு தடவை, சாம்பல் இல்லாமல். எனக்குத் தெரியாமல் மகள் பழவங்காடி போய் வாங்கி வந்திருக்கிறாள்.

அவள் திரும்பி வந்ததும் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். தாலி பிடித்த கையில், மாப்பிள்ளை அன்று கட்டியிராத ஒரு வாட்ச் இருந்ததைக் காட்டத்தான் விரலை நீட்டினேன்.

அவள் வாட்சைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருப்பாள்தான், அவசரத்தில், அந்த ஸ்டுடியோ இருட்டில். இப்போது பிளாட்பாரத்து வெளிச்சத்தில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த விரல்கள், புறங்கையில் முடி. தன் கழுத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

“சீ, இது அவர் கை இல்லப்பா” என்றாள்.

பிறகு அவளே படத்தை உரித்து எடுத்து நாலாகக் கிழித்தாள். பசை பட்ட இடத்தில் பக்கம் கொஞ்சம் கிழிந்தது.

மறுநாள் காலையில் தூதரகத்துக்குள் என்னை விடவில்லை. எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம் நின்றேன். அவள் வெளியே வந்தபோது கையில் ஆல்பம் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு என்று அர்த்தம்.

“எத்தனை கேள்வி?”

“நாலு. மூணு சாதாரணக் கேள்விதான். அப்புறம் அந்தப் பாதிப் படத்தைப் பார்த்து, இது ஏன் இப்படி இருக்குன்னு ஒரு லேடி கேட்டா. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னேன். சரி, தெரியாத பாதியில என்ன இருந்ததுன்னு சொல்லுன்னா.”

“என்ன சொன்னாய்?”

“அவர் கை நடுங்கித்து. முதல் முடிச்சு நழுவிடுத்து, தாலி என் மடியில விழப் பார்த்தது. நான் யாருக்கும் தெரியாம இடது கையால பிடிச்சுண்டேன். அப்புறம்தான் அவர் சரியா போட்டார். அதைச் சொன்னேன். அவ சிரிச்சுட்டு முத்திரை போட்டா.”

அன்று நான் அவளுக்கு இரண்டடி தூரத்தில், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். முடிச்சு நழுவியது எனக்குத் தெரியாது.